எவர்சில்வர் கம்பியில் ஒரு சொட்டுக் கண்ணாடி

என் மைனி (அண்ணி) நாகர்கோவில் வடசேரியில் வீட்டு மாடியறையில் கண்ணாடி மணி செய்கிறார். கோயில் நகைக்குப் பேர்போன ஊரில் பாசிமணி செய்கிறாயே என்று கேலி பேசியவர்கள்தான் இப்போது கம்மலுக்கு ஜோடி கேட்டு வருகிறார்கள். மேஜையில் ஒரு டார்ச். அதற்குச் சமையல் கேஸும் ஆக்சிஜனும் தனித்தனிக் குழாயில் வருகின்றன. வலது கையில் பென்சிலை விடச் சற்று மெலிந்த கண்ணாடிக் குச்சி, இடது கையில் எவர்சில்வர் கம்பி. குச்சியின் நுனி தீயில் சிவந்து, குழைந்து, ஒரு சொட்டாகத் திரளும். அந்தச் சொட்டைக் கம்பியில் தொட்டுக் கம்பியை உருட்டினால், பம்பரத்தில் சாட்டை சுற்றுவது போலக் கண்ணாடி சுற்றிக்கொள்ளும். முன்பு ஐரோப்பாவில் எண்ணெய் விளக்குச் சுடரைத் துருத்தியால் ஊதிச் செய்தார்கள். 'விளக்கு வேலை' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பார்க்க எளிதாக இருந்தது. நான் உட்கார்ந்து செய்த முதல் மணி கத்தரிக்காய் மாதிரி ஒரு பக்கம் தொங்கிவிட்டது.

ஐஸுக்கு உருகுநிலை 0 டிகிரி. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கட்டி, அந்தப் பக்கம் தண்ணீர். கண்ணாடிக்கு அப்படி ஒரு கோடே கிடையாது. அக்கானி (பதநீர்) காய்ச்சுகிற இடத்தில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. முற்றிய பாகைக் கரண்டியில் எடுத்து ஆறவிட்டால், ஒழுகியது நூலாகும், நூல் இறுகும், கடைசியில் டக்கென்று ஒடியும். எந்த நொடியில் கெட்டியானது என்று யாராலும் சொல்ல முடியாது. கடலைமிட்டாயில் பளபளவென்று ஒடிகிற பாகும் ஒரு வகைக் கண்ணாடிதான். மூலக்கூறுகள் வரிசையில் நிற்க நேரம் கிடைக்காமல், கலைந்த நிலையிலேயே உறைந்துபோகின்றன. பொறுமையாக விட்டால் வரிசை கட்டும், அது பனங்கற்கண்டு. மணிக் கண்ணாடியையும் ஏடாகூடமான சூட்டில் நெடுநேரம் வைத்தால் சில நிறங்களில் மேலே பூத்தாற்போலப் படிகம் கட்டி மங்கிவிடும்.

வெறும் மணலை உருக்க 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். சலவைச் சோடாவைச் சேர்த்தால் சூடு வெகுவாகக் குறையும், ஆனால் அந்தக் கண்ணாடி தண்ணீரில் கரையும். அதைத் தடுக்கச் சுண்ணாம்பு. இந்த மூன்றும் சேர்ந்த கண்ணாடிதான் மைனியின் குச்சி.

குழைந்த கண்ணாடி தானே உருண்டையாகப் பார்க்கும். அதன் பரப்பு இழுவிசை தண்ணீரை விட ஏறக்குறைய 4 மடங்கு. உருண்டை பிடிக்கும் வேலையை அதுவே செய்துவிடும், நாம் செய்ய வேண்டியது புவியீர்ப்பை ஏமாற்றுவது மட்டும். கம்பி சுற்றிக்கொண்டே இருந்தால் எந்தப் பக்கமும் நிரந்தரமாகக் 'கீழே' இருக்காது. "மக்களே, கையை நிறுத்தாதே" என்று மைனி சொல்லிக்கொண்டே இருந்தது இதற்குத்தான். கத்தரிக்காய் வந்ததும் நான் நிறுத்தியதால்தான்.

அப்புறம் மைனி போடுகிற கண்ணாடி. மூக்குக் கண்ணாடியைச் சொல்கிறேன். குச்சி தீக்குள் போனதும் சுடர் மஞ்சளாகக் கொழுந்துவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. உப்புப் போட்ட உலை பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலச் சுடர் மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் ஒரே ஆள், சோடியம். அது 589 நானோமீட்டரில் மட்டும் கண்ணைக் கூசுகிற மஞ்சள் ஒளியை விடும். மைனி மாட்டுகிற இளம் ஊதாக் கண்ணாடி சரியாக அந்த மஞ்சளை விழுங்கிவிடுகிறது. போட்டுப் பார்த்தேன், சுடர் காணாமல் போய், சிவந்த சொட்டு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வெயிலுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது, எல்லாவற்றையும் சேர்த்து இருட்டாக்கிவிடும்.

விழுங்குகிற வேலை நியோடைமியத்தினுடையது, கூடவே பிரசியோடைமியமும் இருக்கும். இரண்டையும் ஒரே தனிமம் என்று நினைத்து டிடிமியம் என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். 1885-ல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் பிரித்துக் காட்டினார். பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் போடுகிற மேண்டிலைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும், தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டுபிடித்துத் தேடி வந்தார். வந்து சேர்ந்த இடம் நம் மணவாளக்குறிச்சி. அதே மோனசைட்டில்தான் நியோடைமியமும் பிரசியோடைமியமும் இருக்கின்றன. (மணல் எடுப்பது பற்றிய சண்டை தனிக்கதை, இங்கே வேண்டாம்.) மைனியின் கண்ணாடி எங்கிருந்து வந்ததோ, ஆனால் அதில் இருக்கும் சரக்கு வடசேரியிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் கடற்கரையிலும் கிடக்கிறது.

சரி, மணி உருண்டுவிட்டது. வேலை முடிந்ததா என்றால், பாதிதான் முடிந்தது. சூடான அரிக்கேன் சிம்னியில் ஒரு துளி மழைத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? பட்ட இடம் சட்டெனச் சுருங்கப் பார்க்கும், சுற்றியுள்ள சூடான இடம் விடாது. அந்த இழுபறியில் சிம்னி விரியும். மணியை அப்படியே மேஜையில் வைத்தாலும் அதே கதை. முதலில் வெளித்தோல் இறுகிவிடும். உள்ளே இருப்பது பின்னால் சுருங்க முயலும்போது இறுகிய தோல் இடம் கொடுக்காது. மணி உடனே வெடிக்காமல் தப்பினாலும் அந்த இழுவை உள்ளேயே தங்கிவிடும். பிறகு ஒரு நாள், யாரும் தொடாமலே, இரண்டாகக் கிடக்கும். காற்றிலுள்ள ஈரம் நுண்ணிய விரிசலின் நுனியில் புகுந்து சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பை ஒவ்வொன்றாக அவிழ்ப்பதால் இது நடக்கிறது. கடலோர மாவட்டத்தில் ஈரத்துக்கா பஞ்சம்!

இதற்கு மருந்து சூளை. மணியைச் சூடு குறையும் முன்பே சுமார் 510 டிகிரியில் உள்ள சிறு மின்சூளையில் வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் கண்ணாடி உருக்குலையாது, ஆனால் அணுக்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார முடியும். சில நிமிடங்களிலேயே இழுவை தளரும். அப்புறம் மணிக்கணக்கில் மெல்ல ஆறவிட வேண்டும்.

உள்ளே இழுவை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். எல்.சி.டி. திரையுள்ள லேப்டாப்பில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, நிறமற்ற மணியை அதன் முன்னால் பிடியுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்து, திரை கறுப்பாகும் வரை அந்தக் கிளாஸைத் திருப்புங்கள். சரியாக ஆறிய மணி இருட்டாகவே இருக்கும். அவசரத்தில் ஆறிய மணிக்குள் வெளிச்சத் திட்டு தெரியும். என் கத்தரிக்காயைச் சூளையில் வைக்காமல் துணியில் போட்டிருந்தேன். அது தீபாவளி மத்தாப்பு மாதிரி தெரிந்தது. நான்காம் நாள் உடைந்தது.

நிறம் நிறமாகக் குச்சி வாங்கும்போது ஓர் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். இத்தாலியின் முரானோ தீவுக் குச்சிகளுக்கு அது 104. ஒரு மீட்டர் குச்சியை 100 டிகிரி சூடாக்கினால் ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும் நீளும் என்று பொருள். ஆய்வகக் கண்ணாடிக்கு அது 33 தான். இரண்டும் தீயில் ஒட்டிக்கொள்ளும், ஆறும்போது ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும்.

கம்பியில் முதலிலேயே வெள்ளைக் களிமண் குழம்பைத் தோய்த்துக் காயவைத்திருப்பார்கள், கண்ணாடி இரும்பில் நேராக ஒட்டாமல் இருக்க. ஆறும்போது எவர்சில்வர் கண்ணாடியை விட அதிகம் சுருங்கும், அதனால் மணி கழன்று வர அதுவும் உதவும். தண்ணீருக்குள் வைத்துத்தான் கழற்ற வேண்டும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

அரிக்கமேட்டில் கிடைத்த பழைய மணிகளில் பெரும்பாலானவை இப்படிச் சுற்றியவை அல்ல, கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கியவை. இழுத்த மணியில் காற்றுக் குமிழ்கள் துளையை ஒட்டி நீளவாக்கில் ஓடும். சுற்றிய மணியில் துளையைச் சுற்றி வளையும். கன்னியாகுமரியில் சங்கு மாலைக்கு நடுவே 'கையால் செஞ்சது' என்று யாராவது மணியை நீட்டினால், வெளிச்சத்தில் பிடித்துக் குமிழைப் பாருங்கள். துளைக்குள் கொஞ்சம் வெள்ளைத் தூளும் ஒட்டியிருந்தால், பேரம் பேசாமல் வாங்கலாம்.