தெர்மிஸ்டர்: தமிழில் எப்படிச் சொல்வது?

சூடு ஏறி இறங்குவதற்கேற்ப மின்தடை பெரிதும் மாறும், பாசிமணி போன்ற சிறிய மின்னணு உறுப்புதான் தெர்மிஸ்டர். அந்த மாற்றத்தைக் கொண்டு வெப்பநிலையை அளக்கலாம். ‘தெர்மல் ரெசிஸ்டர்’ என்ற இரு சொற்களின் குறுக்கம் இது. முற்பாதியின் வேர் சூட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பிற்பாதியின் வேர் எதிர்த்து நிற்றலைக் குறிக்கும் லத்தீன் வினை. சூடேறினால் தடை குறையும் இயல்பை மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்பைடில் 1833-இல் கண்டார்.

தமிழில் ‘வெப்பத்தடை’ என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. வெப்பத்தைத் தடுக்கும் பொருள் என்றே அது படிக்கப்படும். தெர்மாகோலுக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். வெறும் ‘மின்தடை’ என்றாலோ, நாளிதழ் படிப்பவருக்குக் கரண்ட் போவதுதான் நினைவுக்கு வரும். ‘மின்தடையம்’ பாடநூல்களில் ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல். அதன் முன் வெப்பத்தைச் சேர்த்து ‘வெப்ப மின்தடையம்’ என்பதே குழப்பமில்லாதது.

உடன் கற்க வேண்டிய இன்னொரு சொல் ‘நேர மாறிலி’. ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவில், உறைபனிக் காலத்தில், நண்பரின் கேரட் தோட்டத்தில் அதன் பொருள் எனக்கு விளங்கியது. 18 டிகிரி இருந்த அடுக்களையிலிருந்து எஃகுக் குழாயில் அடைத்த தெர்மிஸ்டர் மணியை எடுத்துப்போய்ப் பாத்தியில் வைத்தோம். ஒரு நிமிடம் கழித்து 8 டிகிரி காட்டியது. பனி விழாது என்று நண்பர் திரும்ப நடந்தார். நான் குனிந்து பார்த்தபடியே இருந்தேன். எண் இறங்கிக்கொண்டே போய், ஐந்தாம் நிமிடத்தில் 2 டிகிரியில் நின்றது. மாற்றத்தில் 63 விழுக்காட்டைக் காட்ட ஆகும் நேரமே நேர மாறிலி. எங்கள் குழாய்க்கு அது ஒரு நிமிடம். குழாய் இல்லாத வெறும் மணி இதைவிட மிக விரைவாகக் காட்டும், ஆனால் ஈரம் பட்டால் கெடும்.

துல்லியத்துக்கு வேறு தொல்லையும் உண்டு. அளக்கச் செலுத்தும் மின்னோட்டமே மணியைச் சூடாக்கும். அசையாத காற்றில் சிறு மணிக்கு ஓரிரு மில்லிவாட் போதும், ஒரு டிகிரி ஏறிவிடும். ஆகவே அளக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் கொடுக்க வேண்டும். அப்போதே அடுத்தடுத்து 16 அளவீடுகள் எடுத்துச் சராசரி கண்டால் இரைச்சல், அதாவது அளவீட்டில் வரும் தாறுமாறான ஏற்ற இறக்கம், கால் பங்காகும். மில்லி நொடிகளில் முடிகிற வேலை. உறைபனி இரவு மெதுவாகவே குளிர்வதால், தோட்டத்திலேயே ஊன்றிய மணிக்கு விரைவைவிடத் துல்லியமே முக்கியம் என்பேன்.

மணி சரியாகக் காட்டுகிறதா என்று சரிபார்க்க, கொதிநீரை அல்ல, 0 டிகிரியில் உருகும் பனிக்கட்டியையே நம்புங்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.