ப்ராசஸர் மாற்றுவதற்கு முன் கொஞ்சம் அளந்து பாருங்கள்

எங்கள் சர்வீஸ் டேபிளுக்கு வரும் கேமிங் கம்ப்யூட்டர்களோடு பெரும்பாலும் ஒரே கேள்விதான் வருகிறது: “அண்ணா, கேம் லேக் அடிக்குது, ப்ராசஸர் மாத்திடலாமா?” கேட்பவர் முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டுத்தான் வந்திருப்பார். யூடியூபில் புது ப்ராசஸரின் பெஞ்ச்மார்க் பார்த்திருப்பார். எந்தப் பாகம் மற்றதைத் தடுக்கிறது என்று சொல்லும் ‘பாட்டில்நெக் கால்குலேட்டர்’ இணையத்தில் உலவுகிறதே, அதில் தன் ப்ராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் போட்டு, சிவப்பு எழுத்தில் ஏதோ ஒரு சதவீதத்தையும் வாங்கி வந்திருப்பார். அந்த எண்ணுக்கு நான் எந்த மதிப்பும் தருவதில்லை. ஆடுவது எந்த கேம், எந்த ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ் மானிட்டர் என்பதைப் பொறுத்து, அதே கம்ப்யூட்டரில் காலையில் கார்டு தடையாக இருக்கும், மாலையில் ப்ராசஸர் தடையாக இருக்கும்.

கேமில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும், முதலில் கணக்குப் போடுவது ப்ராசஸர்தான். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, திரையில் எதை வரைய வேண்டும் என்று அது சொன்ன பிறகே கிராபிக்ஸ் கார்டு வரையும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி விநாடி அவகாசம். 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9தான். ரெசல்யூஷனை ஏற்றினால் கார்டுக்கு வேலை கூடும்; ப்ராசஸரின் வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால் 1080பி-யில் வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்று அதிக எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்) தேடுபவருக்கு ப்ராசஸர் முக்கியம். 1440பி-யில் சைபர்பங்க் 2077-ஐ அல்ட்ராவில் ஓட்டுபவர் அந்தப் பணத்தை கார்டுக்கு எடுத்து வைப்பது நல்லது.

அளப்பதற்குக் காசு செலவில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம். எந்த கம்பெனி கார்டிலும் ஓடும். அதோடு வரும் ரிவாட்யூனரை வைத்து எஃப்பிஎஸ், ஃப்ரேம் டைம், கார்டின் பயன்பாடு, ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் ஒவ்வொரு கோரின் பயன்பாடு, வெப்பநிலை எல்லாவற்றையும் திரையின் மூலையில் கொண்டுவந்துவிட்டு, வழக்கமாக ஆடும் கேமை அரை மணி நேரம் ஆடுங்கள். கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ப்ராசஸரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கார்டு 50, 60 என்று அலைந்துகொண்டிருந்தால் சந்தேகப்படலாம். ப்ராசஸரின் மொத்தப் பயன்பாடு 40 சதவீதம்தானே என்று மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பன்னிரண்டு த்ரெட்டில், அதாவது ப்ராசஸரின் வேலை வரிசைகளில், ஒன்று மட்டும் மூச்சு முட்டிக்கொண்டிருந்தாலும் கேம் அதற்காகக் காத்திருக்கத்தான் செய்யும். கோர் கோராகப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

பார்ப்பதற்கு முன் வி-சிங்க் (மானிட்டர் வேகத்துக்கு மேல் எஃப்பிஎஸ் போகாமல் பிடிக்கும் செட்டிங்), எஃப்பிஎஸ் லிமிட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு வருபவர்கள் நிறையப் பேர். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வி-சிங்க் போட்டு ஆடினால், 60 எஃப்பிஎஸ் வந்ததும் கார்டும் ஓய்வெடுக்கும், ப்ராசஸரும் ஓய்வெடுக்கும். அதைப் பார்த்து “கார்டு பாதிதான் வேலை செய்யுது, ப்ராசஸர் இழுக்குது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த மானிட்டரை வைத்துக்கொண்டு எந்த ப்ராசஸர் வாங்கினாலும் கண்ணுக்குத் தெரியப்போவது அதே 60தான்.

இன்னும் சந்தேகமா? செட்டிங் எதையும் தொடாமல் ரெசல்யூஷனை மட்டும் 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் குதித்து ஏறினால் இதுவரை தடுத்தது கார்டு. இருந்த இடத்திலேயே நின்றால் கார்டு குற்றவாளி இல்லை. அதற்காக ப்ராசஸர்தான் என்றும் உடனே சொல்லிவிட முடியாது.

சமீபத்தில் ஒரு கல்லூரி மாணவர் தூக்கி வந்த கம்ப்யூட்டரில் ஏஎம்டியின் ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். “இது பழைய பிளாட்ஃபார்ம் தம்பி, ஏஎம்5-க்குப் போயிடு” என்று வேறொரு கடையில் எஸ்டிமேட்டே போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஏஎம்5 என்பது ஏஎம்டியின் புது சாக்கெட், அதாவது போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம். அதற்கு ப்ராசஸர், போர்டு, டிடிஆர்5 ரேம் மூன்றும் புதிது. பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் நான்கு ஸ்லாட்டில் ஒன்றில் மட்டும் 8 ஜிபி ரேம். அதுவும் 3200 வேக ரேம், ஓடிக்கொண்டிருந்ததோ 2400-ல். அசெம்பிள் செய்த நாளிலிருந்து, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி-யை யாரும் ஆன் செய்யவே இல்லை. ரேம் ஒரே குச்சியாக, சிங்கிள் சேனலில் மெதுவாக ஓடினால் ப்ராசஸர் கணக்குப் போட டேட்டா வராமல் காத்துக் கிடக்கும், ரைசனில் அது இன்னும் நன்றாகவே தெரியும். அதே மாடலில் இன்னொரு 8 ஜிபி வாங்கி, இரண்டையும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டு, எக்ஸ்எம்பி-யை ஆன் செய்தோம். 2600-க்கு ரேம் வேகத்தின் அதிகாரபூர்வ வரம்பு 2933. 3200-ல் தகராறு செய்தால் 2933-ல் விட்டுவிடலாம். அவர் சொன்ன திணறல் பெரும்பாலும் அங்கேயே போய்விட்டது.

முழுவதும் போகவில்லை. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் புகை குண்டு, சண்டை என்று கூட்டம் கூடும் இடத்தில் கார்டின் பயன்பாடு இன்னும் சரிந்தது. சரி, இப்போது ப்ராசஸர் பற்றிப் பேசலாம். அதே பி450 போர்டில் பயாஸை அப்டேட் செய்து ரைசன் 5 5600-ஐப் போட்டோம். போர்டும் அதேதான், ரேமும் அதேதான். முதல் கடை கொடுத்த எஸ்டிமேட்டில் ஒரு பங்குதான் செலவு.

இந்த பி450 மாதிரி ஏஎம்4 சாக்கெட்டில் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி. 2017-ல் முதல் ரைசனோடு வந்த பி350, ஏ320 போர்டுகளுக்குக்கூட 2022-ல் ஏஎம்டி 5000 வரிசைக்கான கதவைத் திறந்துவிட்டது. ஆனாலும் உங்கள் போர்டின் மாடல் பெயரைப் போட்டு, தயாரிப்பாளரின் தளத்தில் இருக்கும் சிபியு சப்போர்ட் பட்டியலைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். மலிவான ஏ320 போர்டில் விஆர்எம்-க்கு (ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) ஹீட்சிங்க்கே இருக்காது. அதில் 105 வாட் ப்ராசஸரை உட்கார வைக்க வேண்டாம். பெயரிலும் கவனம் தேவை. 5600-ல் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பி; 5500-லும் 5600ஜி-யிலும் 16 எம்பிதான். மூன்றுமே ஆறு கோர் என்றாலும் தனி கார்டு வைத்து கேம் ஆடுபவர் வாங்க வேண்டியது 5600. கேஷ் கேமுக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு 96 எம்பி வைத்த 5800எக்ஸ்3டி நல்ல சாட்சி. இப்போது அதில் புதிய பீஸ் கிடைப்பது அரிதாகிவிட்டது. பழையது வாங்கினால் கூலருக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். பெட்டியிலேயே அது வந்ததில்லை.

இன்டெல் பக்கம் இவ்வளவு தாராளம் கிடையாது. ஆறாம், ஏழாம் தலைமுறையும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறையும் எல்ஜிஏ1151 சாக்கெட்தான். ஆனால் எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் வைத்த போர்டு வேண்டும். உருவத்தைப் பார்த்து வாங்கிவந்து ஏமாறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எல்ஜிஏ1700 போர்டில் 12, 13, 14 மூன்று தலைமுறையும் ஓடும். அதில் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 பழையது வாங்கும்போது கேள்வி கேளுங்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் ப்ராசஸர் கெடும் சிக்கலை இன்டெல்லே 2024-ல் ஒப்புக்கொண்டு மைக்ரோகோட் (பயாஸ் வழியாக வரும் திருத்தம்) வெளியிட்டது. ஏற்கெனவே கெட்டுப்போனதை அந்த அப்டேட் சரிசெய்யாது.

சூட்டையும் பார்த்துவிடுங்கள். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில், தூசி அடைத்த ஹீட்சிங்க்கோடு ஓடும் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் புது பேஸ்ட்டும், தூசி தட்ட ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் தீர்த்துவைக்கும் விஷயம் அது.

மாற்றுவது என்றே முடிவாகிவிட்டதா? பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள், யுபிஎஸ்-இல் போட்டு. நடுவில் கரண்ட் போனால் போர்டு எழுந்திருக்காமல் போகலாம். ஏஎம்4-ல் கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். பழைய பேஸ்ட் இறுகிப்போய், லீவர் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸர் கூலரோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். அடியில் 1331 ஊசி. பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி விடுவித்தால் சுகமாக வரும்.

அதற்கும் முன்னால், டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, ரெகவரி கீயைப் போனிலோ தாளிலோ எடுத்து வையுங்கள். புது ப்ராசஸர் போட்டதும் அந்தப் பூட்டின் சாவியை வைத்திருக்கும் எஃப்டிபிஎம் மாறிவிட்டது, ‘Y’ அழுத்தவா ‘N’ அழுத்தவா என்று கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வரும். கீ கையில் இல்லாமல் ‘Y’ அழுத்தியவர்கள் சி டிரைவைத் திறக்க முடியாமல் எங்களிடம் வருகிறார்கள். நாங்களும் திறக்க முடியாது. பயாஸ் அப்டேட்டில் எக்ஸ்எம்பி-யும் ‘செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்பு செட்டிங்கும் அணைந்திருக்கலாம். விண்டோஸ் 11-ல் வேலரண்ட் திறக்காமல் அடம்பிடித்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

கடைசியாக, இன்டெல்லின் ஏழாம் தலைமுறை ஐ5 7500 மாதிரி நான்கு த்ரெட் ப்ராசஸர் வைத்திருப்பவர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். இவர்கள் போர்டோடு மாற்றியே ஆக வேண்டும். 2025 கடைசியில் ரேம் விலை ஏறியதிலிருந்து நான் டிடிஆர்5-க்கு இழுப்பதில்லை. டிடிஆர்4 எடுக்கும் பி660 போர்டும் ஐ5 12400எஃப்-உம் வாங்கினால் கையில் இருக்கும் டிடிஆர்4 ரேமே போதும். வாங்கும்போது போர்டின் பெட்டியில் ‘டி4’ அல்லது ‘டிடிஆர்4’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிட்டத்தட்ட அதே பெயரில் டிடிஆர்5 போர்டும் கடையில் இருக்கும். அதன் ஸ்லாட்டில் காடி இருக்கும் இடமே வேறு, உங்கள் பழைய ரேம் அதில் உட்காராது.