யூதர்கள் எத்தனை பேர்? யாரை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது

கனடாவின் 2011 கணக்கெடுப்பில் தங்கள் பூர்வீகம் யூதம் என்று சொன்னவர்கள் சுமார் 3,09,000 பேர். 2016இல் அது 1,43,000 ஆகிவிட்டது. நடுவில் யாரும் கூட்டமாக நாட்டைவிட்டுப் போகவில்லை. படிவத்தில் பூர்வீகக் கேள்விக்கு எடுத்துக்காட்டுகள் தரும் பட்டியலிலிருந்து 'யூதர்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். கண்ணில் படாததைப் பலர் எழுதவில்லை.

உலகில் சுமார் 1.57 கோடி யூதர்கள் என்று இன்று சொல்லப்படும் எண்ணுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. இஸ்ரேலில் குடிமக்கள் பதிவேடு இருப்பதால் கணக்கு எளிது: ஏறக்குறைய 72 லட்சம். அமெரிக்காவில்தான் தலைவலி. அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் கேட்பதில்லை; அதைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1976இல் சட்டமே வந்தது. அதனால் மாதிரி ஆய்வுகளை நம்ப வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2020இல் நடத்திய ஆய்வு, குழந்தைகளையும் சேர்த்து அமெரிக்க யூதர்கள் 75 லட்சம் என்றது. ஆனால் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை ஆய்வாளர் செர்ஜியோ டெல்லாபெர்கோலா போடும் கணக்கு சுமார் 63 லட்சம். தங்களை ஓரளவு மட்டும் யூதர் என்போரையும் அப்படி வளரும் பிள்ளைகளையும் எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில்தான் பெரும்பாலும் வேறுபாடு. முதல் கணக்கை எடுத்தால் அமெரிக்காதான் முதலிடம். இரண்டாவதை எடுத்தால் இஸ்ரேல். பொதுவாக நாம் படிக்கும் பட்டியல்கள் இரண்டாவது வகை.

சரி, யூதர் யார்? மரபான மதச் சட்டப்படி யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது முறைப்படி மதம் மாறியவர். அமெரிக்காவின் சீர்திருத்தப் பிரிவு 1983 முதல், யூதராக வளர்க்கப்பட்டால் தந்தைவழிப் பிள்ளையையும் ஏற்கிறது. இஸ்ரேலின் திரும்பும் உரிமைச் சட்டமோ 1970 திருத்தத்துக்குப் பின் தாத்தா பாட்டியில் ஒருவர் யூதராக இருந்தாலே குடியேற விடுகிறது. அந்த அளவுகோலில், மனைவி, கணவரையும் சேர்த்தால், எண்ணிக்கை 2.5 கோடியைத் தொடும்.

வழக்கமான 1.57 கோடிக் கணக்கை எடுத்தால் ஒன்று தெளிவு. 1939இல் யூதர்கள் சுமார் 1.66 கோடி. நாஜிப் படுகொலையில் 60 லட்சம் பேர் அழிந்தார்கள். போலந்தில் மட்டும் அதற்கு முன் 33 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். இன்று சில ஆயிரம்தான். எண்பது ஆண்டு கழிந்தும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை.

இடமும் மாறிவிட்டது. 1948இல் இஸ்ரேலில் இருந்தவர்கள் ஆறரை லட்சம். அப்புறம் 1950-51இல் ஈராக்கிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேல் வந்தார்கள், 1990களில் பழைய சோவியத் நாடுகளிலிருந்து பல லட்சம் பேர். இன்று உலக யூதர்களில் 85 விழுக்காட்டினர் இஸ்ரேல், அமெரிக்கா இரண்டிலுமே இருக்கிறார்கள். பிரான்ஸ், கனடா, பிரிட்டன் எல்லாம் சில லட்சங்களோடு வெகுதூரம் பின்னால்.

இஸ்ரேலுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள இடைவெளி இனியும் கூடும். இஸ்ரேலில் யூதப் பெண்ணுக்குச் சராசரியாக மூன்று பிள்ளைகள். அமெரிக்காவிலோ பிறப்பு குறைவு. 2010க்குப் பின் மணம் செய்த யூதர்களில் 61 விழுக்காட்டினரின் துணை யூதரல்லாதவர் என்கிறது அதே பியூ ஆய்வு. அவர்களின் பிள்ளைகளை எண்ணுவதா வேண்டாமா என்பதற்கு அறிஞர்களிடம் ஒத்த விடை இல்லை.