பாலிகிராஃப்: மெய்யா, மெய்ப்பாடா?

‘உண்மை கண்டறியும் சோதனையில் பொய் சொன்னது அம்பலம்.’ இந்த வரியைச் செய்தியில் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. போன வாரம் கோத்தகிரியில் டீக்கடை டிவியிலும் அதே வரி ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் “மெஷினே சொல்லிடுச்சு, அப்புறம் என்ன கோர்ட்டு?” என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. உண்மையைக் கண்டறியும் கருவி என்று பேர் வைத்துவிட்டால், கண்டறிந்துவிட்டது என்றுதானே எவரும் நினைப்பார்கள்?

செய்தி சொல்லும் அந்தக் கருவியின் பேர் பாலிகிராஃப். அதை இயக்கப் பயிற்சி எடுத்துவருகிறேன். அதனால் இந்த எரிச்சலில் பாதி தொழில் சம்பந்தப்பட்டது. மீதி, தமிழ் சம்பந்தப்பட்டது.

முதலில் மூலச் சொல். கிரேக்கத்தில் ‘பாலி’ என்றால் பல, ‘கிராஃப்’ என்றால் எழுதுவது. 1803இல் ஹாக்கின்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கிய ‘பாலிகிராஃப்’ வெறும் நகல் எடுக்கும் பொறி. ஒரு பேனாவால் எழுதினால், அதோடு பிணைத்த இன்னொரு பேனா அதையே பக்கத்துத் தாளில் எழுதும். அமெரிக்க அதிபர் ஜெபர்சன் தன் கடிதங்களுக்கு அதைத்தான் பயன்படுத்தினார். பிறகு இதய மருத்துவர் மெக்கன்சி நாடித்துடிப்பை மையால் வரையும் கருவிக்கு அந்தப் பேரை எடுத்துக்கொண்டார். 1921இல் பெர்க்லி நகரப் போலீஸில் இருந்த ஜான் லார்சன், இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் சேர்த்துத் தொடர்ந்து பதியும் கருவியை விசாரணைக்குக் கொண்டுவந்தார். ‘லை டிடெக்டர்’ என்ற பட்டப்பெயரைப் பரப்பியது பத்திரிகைகள். ஆக, மூலச் சொல்லில் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. பலவற்றை எழுதும் என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது.

அந்தப் பல என்ன? மூச்சைப் பார்க்க நெஞ்சில் ஒன்று, வயிற்றில் ஒன்று என இரண்டு குழாய்ப் பட்டைகள். இரத்த அழுத்தத்துக்குக் கையில் ஒரு பட்டை. வியர்வையால் தோலின் மின்கடத்தல் மாறுவதைப் பார்க்க இரண்டு விரல்களில் முனைகள். ஆடாமல் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்க நாற்காலியில் ஒரு உணர்விப் பலகை. இவ்வளவும் கணினித் திரையில் கோடுகளாக ஓடும். எதிரே இருப்பவர் ஆம், இல்லை என்று மட்டும் சொல்வார். ஒரே கேள்வி வரிசையைச் சில முறை திரும்பக் கேட்போம். எல்லாக் கேள்விகளையும் முன்கூட்டியே வாசித்துக் காட்டிவிடுவோம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. சினிமாவில் திடீரென்று மேசையைத் தட்டிக் கேட்பார்களே, அதெல்லாம் இங்கே கிடையாது.

எந்தக் கோட்டிலும் ‘பொய்’ என்று எழுதி வராது. தேயிலை எடை போடும் தராசு கூடையின் எடையைச் சொல்லும். கொழுந்தை யாருடைய செடியில் பறித்தார்கள் என்று சொல்லாது. உடம்பில் என்ன மாறியது என்பது கருவியின் வேலை. ஏன் மாறியது என்று யோசிப்பது மனிதனின் வேலை. அந்த யோசனை தவறலாம். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2003இல் கொடுத்த அறிக்கையின் சாரமும் இதுதான்: குருட்டாம்போக்கில் சொல்வதைவிடத் தேவலை, ஆனால் துல்லியத்துக்கு வெகு தூரம்.

சரி, பேரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கூடலூர்ப் பக்கத் தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் சோதனைக்காக மலையிறங்கி வந்திருந்தார். வழக்கு எது என்பது இங்கே வேண்டாம். மாஜிஸ்திரேட் முன்னால் சம்மதம் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஆனால் விரலில் முனையை மாட்டப் போனதும் கையை இழுத்துக்கொண்டார். “ஊசி எப்ப போடுவீங்க மேடம்? எனக்கு சுகர் இருக்கு.” ஊசியே கிடையாது ஐயா என்றேன். “உண்மை கண்டறியுற சோதனைன்னா ஊசி போட்டு மயங்க வெச்சுதானே கேப்பாங்க, பேப்பர்ல போட்டிருந்தானே” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நம் பத்திரிகைகள் மருந்து ஏற்றி அரைமயக்கத்தில் பேசவைக்கும் நார்கோ சோதனைக்கும் இதே பேரைத்தான் வைத்திருக்கின்றன. ஒரு சொல், இரண்டு சோதனை. ஒன்றில் ஊசி, மற்றதில் விரல் முனை. எதற்குச் சம்மதித்தோம் என்றே தெரியாமல் கையெழுத்துப் போட்டால் அது என்ன சம்மதம்?

சம்மதம் இங்கே சின்ன விஷயமில்லை. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இது: நார்கோ, பாலிகிராஃப், மூளை மின்பதிவுச் சோதனை ஆகிய மூன்றையும் யார் மீதும் கட்டாயப்படுத்தக் கூடாது. சம்மதித்தாலும் முடிவு மட்டும் தனியாகச் சாட்சியம் ஆகாது. அதன் வழியாகப் பின்னால் ஏதாவது பொருளோ தகவலோ கிடைத்தால் அது வேறு கணக்கு. தேசிய மனித உரிமை ஆணையம் 2000இலேயே வழிமுறை வகுத்துவிட்டது: வழக்கறிஞரை அணுக வாய்ப்புத் தர வேண்டும், சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன் பதிய வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் செய்தியில் எப்படி வருகிறது? ‘சோதனைக்கு உட்படுத்தப்பட்டார்.’ யார் உட்படுத்தியது? அவர் சம்மதித்து வந்து உட்கார்ந்தார் ஐயா! ‘படு’ என்ற துணைவினையை வைத்தே ஒரு மனிதனின் உரிமையை விழுங்கிவிடும் வித்தை நம் செய்தித் தமிழுக்கு மட்டும் கைவந்த கலை.

மாற்றுச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ‘பொய்யறி கருவி’ என்கிறார்கள் சிலர். சுருக்கமாக இருக்கிறது, ஆனால் ‘லை டிடெக்டர்’ என்ற பத்திரிகைப் பட்டப்பெயரின் நிழல்தான் அது. ‘பொய்மானி’ என்று ஒன்றும் பார்த்தேன். வெப்பமானி வெப்பத்தை அளக்கும். பொய்யை எந்த அலகில் அளப்பது, கிலோவிலா? தனித்தமிழ் ஆர்வலர்களின் ‘பல்வரைவி’ இவற்றைவிட நேர்மையானது, மூலச் சொல்லை அப்படியே எடுக்கிறது. ஆனால் வீட்டில் சொல்லிப் பார்த்தபோது எங்கள் அம்மா அதைப் பல் டாக்டர் சமாச்சாரம் என்றே நினைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை விட்டாலும், எதை வரைகிறது என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை. நிலநடுக்கம் பதியும் கருவிக்கும் பொருந்தும், இதயத்துடிப்புக்கும் பொருந்தும். கிரேக்கத்தில் இருக்கும் மொண்ணையைத் தமிழிலும் கொண்டுவந்து வைப்பது தூய்மை ஆகாது.

இத்தனைக்கும் நம்மிடம் ‘மெய்’ என்றொரு சொல் இருக்கிறது. உண்மைக்கும் அதுதான், உடம்புக்கும் அதுதான். இந்தக் கருவி படிப்பது இரண்டாவது மெய்யை. முதல் மெய்யைப் படிப்பதாக ஊர் நம்புகிறது. அந்த இரண்டாவது மெய்யில் உள்ளத்து உணர்ச்சி வெளிப்படுவதற்குத் தொல்காப்பியம் பேரே வைத்திருக்கிறது: மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. பட்டியலில் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். பொய்க்கென்று உடம்பில் தனியான அடையாளம் எதுவும் கிடையாது என்பது இந்தத் தொழிலில் முதலில் சொல்லித்தரும் பாடம். அச்சத்தால் உடம்பு மாறும், சினத்தால் மாறும், நாணத்தால் மாறும். பொய் சொல்பவன் அஞ்சினால் அந்த அச்சம் பதிவாகும். பொய் சொல்லாதவன் அஞ்சினாலும் அதே அச்சம்தான் பதிவாகும்.

அச்சம் எதனால் வரும் என்றும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் பகுதி சொல்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை. மலையில் பிறந்தவர்களுக்கு விலங்கைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை, விடியற்காலையில் தேயிலைக்குள் கரடி நிற்கும் ஊர் எங்களுடையது. நான்காவதாக வரும் ‘இறை’தான் முக்கியம். அரசன், அதிகாரம், மேலிருப்பவர். போலீஸ் வண்டியில் மலையிறங்கி, தெரியாத அறையில், கையில் பட்டை கட்டி உட்காரவைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளிக்குப் பொய் சொன்னால்தான் நெஞ்சு படபடக்கும் என்று யார் சொன்னது? இதனால்தான் சோதனைக்கு முன் உட்கார்ந்து பேசும் முன்பேட்டிக்கே பெரும்பகுதி நேரம் போகிறது. ஒருவரின் கோட்டை இன்னொருவரின் கோட்டோடு ஒப்பிடுவதில்லை, அவருடைய கோட்டோடேதான் ஒப்பிடுகிறோம்.

என் பரிந்துரை: கருவிக்கு ‘மெய்ப்பாட்டுப் பதிவி’, சோதனைக்கு ‘மெய்ப்பாட்டுச் சோதனை’. தமிழாசிரியர் ஒருவர் மறுத்தார். மெய்ப்பாடு என்றால் பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கே புலப்பட வேண்டும், கருவி வைத்துத் தேடினால் அது மெய்ப்பாடு இல்லை என்றார். நியாயமான தடை. ஆனால் வியர்வையும் மூச்சும் கண்ணுக்குப் புலப்படுபவைதான், கருவி அதைக் கொஞ்சம் நுணுக்கமாகக் காட்டுகிறது. செய்யுளுக்கென்று பிறந்த சொல் ஆய்வகத்துக்கு வரக்கூடாது என்று எந்த நூற்பாவும் இல்லை. இதுவும் பிடிக்காவிட்டால் பாலிகிராஃப் என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. புரியாத சொல்லைக் கேட்டால் ஆள் ‘அது என்ன’ என்று கேட்பார். தப்பாகப் புரிந்த சொல்லைக் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போவார்.

உள்ளே உள்ள சொற்களின் நிலைமை இன்னும் மோசம். எங்கள் பயிற்சிக்கு வந்த ஒரு மொழிபெயர்ப்பில் ‘கண்ட்ரோல்’ கேள்விகளைக் ‘கட்டுப்பாட்டுக் கேள்விகள்’ என்று போட்டிருந்தார்கள். யாரை யார் கட்டுப்படுத்துகிறார்கள்? வழக்கைப் பற்றிய கேள்விக்கு வரும் மாற்றத்தை எதோடு ஒப்பிடுவது என்பதற்காகக் கேட்பது அது. ‘ஒப்பீட்டுக் கேள்வி’ என்றால் முடிந்தது. ‘இன்றைக்குச் செவ்வாய்க்கிழமையா?’ என்பது போன்ற சாதாரணக் கேள்விகளுக்குப் ‘பொருத்தமற்ற கேள்விகள்’ என்று பேர். எதிரே இருப்பவர் காதில் விழுந்தால் கோபப்படுவார். ‘பொதுக் கேள்வி’ போதாதா?

எல்லாவற்றுக்கும் மேல் அந்த அறிக்கைப் படிவம். சோதனையில் மூன்று முடிவுகள் வரலாம். ஏமாற்றுக்கான அறிகுறி உண்டு, இல்லை, எதுவும் சொல்ல முடியவில்லை. இந்த மூன்றாவதற்கு யாரோ புண்ணியவான் ‘முடிவற்றது’ என்று எழுதிவைத்திருக்கிறார். வானம்தான் முடிவற்றது. ஒருவரைப் பற்றி எங்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை என்றால், ‘முடிவுக்கு வர இயலவில்லை’ என்று மூன்று சொல் செலவழித்து எழுதலாம். அடுத்த தடவை படிவம் அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒருவர் அதை வாய்விட்டு ஒருமுறை படித்தால் தேவலை.