பழைய ஆலை வாங்குகிறீர்களா? முதலில் கீழே இறங்குங்கள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பழைய பஞ்சாலைகளை அடுக்குமாடி வீடுகளாக மாற்றும் வேலை ஓய்ந்தபாடில்லை. கட்டடப் பொறியாளராக ஆய்வுக்குப் போனால் உரிமையாளர்கள் என்னை நேராக மேல்தளத்துக்குத்தான் அழைத்துப் போவார்கள். உயர்ந்த ஜன்னல், தடித்த உத்திரம், ஆற்றுக் காட்சி. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் முதலில் கேட்பது நிலவறைச் சாவியை.

லோவெல் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். மெரிமேக் ஆறு அங்கே பாட்டக்கெட் அருவியில் சுமார் 10 மீட்டர் இறங்குகிறது. அருவியைச் சுற்றிப் போக 1796இல் வெட்டிய பாட்டக்கெட் கால்வாய் என்ற படகுக் கால்வாயை விரிவுபடுத்தித்தான் 1823இல் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. பிறகு கிளைக் கால்வாய்கள் இரண்டு மட்டங்களில் வந்தன. மேல் கால்வாய்த் தண்ணீர் ஓர் ஆலையைச் சுழற்றிவிட்டுக் கீழ்க் கால்வாயில் விழும். அங்கிருந்து இன்னோர் ஆலை வழியாக ஆற்றுக்குப் போகும். ஆலைகள் தண்ணீரைக் குத்தகைக்கு எடுத்தன. 30 அடி வீழ்ச்சியில் நொடிக்கு 25 கன அடி என்பது ஒரு 'மில் பவர்'. நிலத்தைச் சென்ட் கணக்கில் பேசுவதைப் போல அங்கே தண்ணீரை இந்தக் கணக்கில் பேசினார்கள்.

கட்டடத்தின் உருவத்தைத் தீர்மானித்ததும் தண்ணீர்தான். குளிர்காலத்தில் பனிக்கட்டி பிடிக்கும் என்பதால் ஆலையை ஓட்டிய நீர்ச்சக்கரங்களை நிலவறைக்குள்ளேயே வைத்தார்கள். அங்கிருந்து விசை தளம் தளமாக மேலேறியது. முதலில் பற்சக்கரங்கள், 1828இல் பால் மூடி ஆப்பிள்டன் ஆலையில் தோல் பெல்ட்டுகளைப் புகுத்தினார். ஆற்றில் வெள்ளம் வந்தால் சக்கரத்தின் அடிப்பகுதி தண்ணீரில் மூழ்கித் திணறும். மூழ்கிய நிலையிலும் ஓடக்கூடிய டர்பைன் என்ற நீர்ச்சுழலியை 1844இல் யூரியா பாய்டன் அதே ஆலைக்காக வடிவமைத்தார். அதை லோவெல் கால்வாய்களின் பொறியாளர் ஜேம்ஸ் பிரான்சிஸ் மேம்படுத்தினார். இன்று உலகின் நீர்மின் நிலையங்களில் அதிகம் சுழல்வது அவர் பெயர் தாங்கிய டர்பைன்தான்.

இயந்திரங்களைக் கழற்றி விற்றுவிட்டார்கள். தண்ணீரின் பாதை அப்படியே இருக்கிறது. கால்வாய்ப் பக்கச் சுவரில், தண்ணீர் உள்ளே வந்த வளைவு ஒன்று செங்கல் வைத்து அடைக்கப்பட்டுத் தென்படும். காரையில் வெள்ளை உப்புப் பூத்திருக்கும், ஒரு மட்டத்துக்குக் கீழே மட்டும் சுவர் கறுத்து ஈரமாக இருக்கும். சுவருக்கு அப்பால் கால்வாய் நிற்கும் மட்டம் அது. "அதை எப்போதோ அடைத்துவிட்டார்களே" என்பார்கள். எதைக் கொண்டு அடைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. நீர்மட்டத்திலிருந்து மூன்று மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் மூன்று டன் விசை தள்ளுகிறது. அந்த வளைவில் ஒரு குழாய்க்குத் துளை போடுவதற்கு முன் வெளியே உள்ள மதகு உண்மையில் மூடுகிறதா என்று பாருங்கள்.

மறுபக்கம், சக்கரத்தைச் சுழற்றிய தண்ணீர் ஆற்றுக்குப் போன வெளிவாய்க்கால். அதன் வாய் ஆற்றை நோக்கித் திறந்திருந்தால் வெள்ளக் காலத்தில் ஆறு அதே வழியாக உள்ளே வரும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கான்கிரீட் ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். சுவர்க் கசிவு வடிந்து போவதும் அந்த வழியாகத்தான். சில ஆலைகள் மரத்தூண் அடித்தளத்தின்மேல் நிற்கின்றன. தண்ணீரில் மூழ்கியிருக்கும்வரை மரம் கெடாது. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் உளுத்துப்போகும்.

இந்த எச்சரிக்கையெல்லாம் மிகை என்று தோன்றுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1850இல் பாட்டக்கெட் கால்வாயின் தலைப்பில் பிரான்சிஸ் ஒரு பிரம்மாண்டமான மரக்கதவைத் தொங்கவிட்டார். 'பிரான்சிஸின் பைத்தியக்காரத்தனம்' என்று ஊர் சிரித்தது. 1852 வெள்ளத்தில் அதை இறக்கித்தான் லோவெல் தப்பியது. 1936இல் மறுபடியும் இறக்கினார்கள்.

ஆகவே பத்திரத்தில் கையெழுத்திடும் முன், உங்கள் கட்டடத்துக்குத் தண்ணீர் வரும் மதகைப் பராமரிப்பது யார் பொறுப்பு என்று வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் கட்டடம் ஒருவருடையது, கால்வாய் இன்னொருவருடையது.