மாரல் எகானமி: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கோதுமை விலை எக்கச்சக்கமாக ஏறிய ஆண்டுகளில் பல ஊர்ச் சந்தைகளில் ஒரு காட்சி நடந்தது. பெண்கள் முன்னால் நிற்க, ஒரு கூட்டம் தானிய வண்டியை மறிக்கும். ஆனால் பல இடங்களில் அந்தக் கூட்டம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. இதுதான் சரியான விலை என்று தாங்களே ஒரு விலை வைத்து, அங்கேயே விற்று, வந்த காசை, சில சமயம் காலிச் சாக்கையும் சேர்த்து, உரியவரிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். அதிகாரிகளுக்கு இது கலகம். பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் பலருக்கு, பசித்த வயிறு செய்த வேலை. இல்லை, இவர்கள் மனதில் தெளிவான ஒரு நியாயம் இருந்தது என்று எழுதியவர் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன். அந்த நியாயத்துக்கு அவர் வைத்த பெயர்தான் 'மாரல் எகானமி'.

தாம்சன் 1924இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். அப்பா வங்காளத்தின் பாங்குராவில் ஆசிரியராக இருந்த மெதடிஸ்ட் கிறிஸ்தவ சபையின் மிஷனரி, தாகூரோடு பழகியவர். மகன் இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் டாங்கிப் படையில் இருந்தார். அப்புறம் 1948 முதல் 1965 வரை லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்பில் யார்க்‌ஷயர் ஊர்களில் வயது வந்தோருக்குப் பாடம் நடத்தினார். 1956இல் ஹங்கேரியில் சோவியத் படை நுழைந்த சமயத்தில் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு வெளியேறினார். ஆங்கிலேய உழைக்கும் வர்க்கம் உருவான கதையைச் சொல்லும் அவருடைய பெரிய நூல் 1963இல் வந்தது. சாதாரண ஜனங்கள் சொல்லும் காரணத்தைக் காரணமாகவே எடுத்துக்கொள்ளும் பழக்கம் அந்த வகுப்பறைகளில்தான் அவருக்கு ஊறியது என்று நான் நினைக்கிறேன்.

மாரல் எகானமி பற்றிய கட்டுரை 1971இல் 'பாஸ்ட் அண்ட் பிரசென்ட்' ஆய்விதழில் வந்தது. ஆனால் சொல் அவர் புதிதாக உண்டாக்கியது அல்ல. 1837இலேயே, உழைப்பாளிகளுக்கு ஓட்டுரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் பிரான்டெர் ஓ'பிரையன், அன்றைய பொருளாதார அறிஞர்களுக்கு எதிராக இதைப் பயன்படுத்தியிருக்கிறார். வேரைத் தேடிப் போனால் இன்னும் சுவாரசியம். எகானமியின் கிரேக்க மூலத்துக்கு வீட்டை நிர்வகிப்பது என்று பொருள், அதாவது நம் பேச்சில் குடித்தனம் நடத்துவது. மாரலின் லத்தீன் மூலத்துக்கு வழக்கம் என்று பொருள். இரண்டையும் சேர்த்தால், வழக்கப்படி குடித்தனம் நடத்துவது! தாம்சன் சொல்லவந்ததும் கிட்டத்தட்ட இதுதான். பழைய சந்தையில் மணி அடித்ததும் முதலில் ஏழைகள் சில்லறையாக வாங்கலாம், வியாபாரிகள் அடுத்த மணிக்குக் காத்திருக்க வேண்டும். பதுக்கலுக்கும், சந்தைக்கு வரும் வழியிலேயே சரக்கை மடக்கி வாங்குவதற்கும் தடை இருந்தது. அந்தத் தடைச் சட்டங்களை 1772இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது, ஜனங்கள் மனதில் இருந்த வழக்கம் நீங்கவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஒழுக்கப் பொருளாதாரம்' என்றால் தனிமனித நடத்தை என்று ஆகிவிடும். 'தார்மீகம்' நம் காதில் தார்மீகப் பொறுப்பு, தார்மீக ஆதரவு என்றே விழுகிறது, கையில் எதுவும் தராத ஆதரவு. 'அறப் பொருளாதாரம்' அழகான சொல்தான், அறத்துப்பாலும் பொருட்பாலும் அடுத்தடுத்து வரும் மொழிக்குப் பொருத்தமும்கூட. ஆனால் இன்று அறக்கட்டளை, அறநிலையம் என்றெல்லாம் கேட்டுப் பழகியதால் அதில் தானத்தின் வாடை வருகிறது. வண்டியை மறித்தவர்கள் தானம் கேட்கவில்லை. காசு கொடுத்தார்கள், உரிமையைக் கேட்டார்கள்.

அதனால் என் தேர்வு 'நியாயப் பொருளாதாரம்'. நியாயம் வடசொல்தான், ஆனால் சண்டையில் நாம் கேட்பது "இது நியாயமா?" என்றுதானே. ஊரே ஒத்துக்கொண்ட ஓர் அளவுகோல் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ரேஷன் கடைக்கு நியாய விலைக் கடை என்று பெயர் இருப்பதால், விலைக்கும் நியாயத்துக்கும் உள்ள முடிச்சை வாசகருக்குத் தனியாக விளக்கவும் தேவையில்லை. 1918இல் சென்னை மாகாணத்தில் தானிய விலை ஏறி, கடைகள் சூறையாடப்பட்டதை அலசிய ஆய்வு ஒன்று 1979இல் தாம்சன் எழுதிய அதே இதழில் வந்தது. அதைத் தமிழில் எழுதுபவருக்கு இந்தச் சொல் கைகொடுக்கும். பொருளாதார நீதி என்பது வேறு, அதோடு குழப்ப வேண்டாம். நல்ல எண்ணத்தோடு நடக்கும் எல்லா வணிகத்துக்கும் இதை ஒட்டுவதும் சரியில்லை. தாம்சனே 1991இல், அந்தச் சொல் வளர்ந்து ஆளாகிவிட்டது, அதன் செயல்களுக்கு இனி நான் பொறுப்பல்ல என்ற பொருளில் எழுதவேண்டி வந்தது.

இன்னொன்று. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ஜனக்கூட்டத்தைக் குறிக்கும் 'கிரவுட்' என்ற சொல்லும் வருகிறது. அதற்கு 'கும்பல்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். தாம்சன் எதிர்த்ததே அந்தப் பார்வையைத்தான். 'கூட்டம்' போதும்.