மரத்தில் எறும்புச் சாரி தெரிந்தால் மருந்துக்கு ஓடாதீர்கள்

இலையில் பிசுபிசுப்பு, அதன்மேல் கரி பூசியதுபோல் கருமை, தண்டு நெடுக எறும்புச் சாரி. மூன்றும் சேர்ந்து தெரிந்தால் மாவுப்பூச்சி, செதில் பூச்சி, அசுவினி இவற்றில் ஏதோ ஒன்று மேலே குடியேறியிருக்கிறது. கருமையை இலைநோய் என்று எண்ணிப் பூசணக்கொல்லி அடிப்பது வீண். மரச்சாற்றில் சர்க்கரை மிகுதி, அமினோ அமிலம் குறைவு. அந்தக் குறைவை ஈடுகட்ட இவை ஏராளமாக உறிஞ்சி, மிஞ்சும் இனிப்பைக் கழிவாக விடுகின்றன. அதில் வளர்வதுதான் கரும்பூசணம். பூச்சி ஒழிந்தால் அதுவும் நாளடைவில் உதிரும்.

எறும்பு வருவதும் அந்த இனிப்புக்குத்தான். அதைத் தரும் பூச்சிகளைக் காப்பதற்காக, அவற்றைத் தின்னும் பொறிவண்டையும் அவற்றின் உடலுக்குள் வளர்ந்து கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியையும் எறும்பு விரட்டுகிறது. ஆகவே முதல் வேலை எறும்பின் வழியை அடைப்பது.

தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், தண்டின் வெடிப்புகளைக் களிமண்ணால் பூசி மூடுங்கள். அதன்மேல் 20 முதல் 25 செ.மீ. அகல பாலிதீன் தாளைச் சுற்றி, மேலும் கீழும் சணலால் கட்டி, தாளின்மேல் கிரீஸ் தடவுங்கள். மரப்பட்டையில் நேரடியாகத் தடவினால் பட்டை கெடும். வெடிப்பை மூடாவிட்டால் எறும்பு தாளுக்கு அடியில் நுழைந்துவிடும். பலர் மறப்பது இன்னொன்று: தரையையோ சுவரையோ பக்கத்து மரத்தையோ தொடும் ஒரே ஒரு கிளை இருந்தாலும் அதுவே பாலம். முதலில் அதை வெட்டுங்கள். தூசி படிந்தால் கிரீஸ் பயனற்றது. 10 நாளுக்கு ஒருமுறை பாருங்கள். தண்டு பருக்கும்போது சணல் இறுகிப் பட்டையை அறுக்காமல் தளர்த்திக் கட்டுங்கள். பொறிவண்டும் குளவியும் பறந்து வருபவை, இந்தத் தடை அவற்றை ஒன்றும் செய்யாது.

அடுத்து, மிகவும் வருந்த வைக்கும் தவறு. கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்றே வளர்வது. ஆனால் அதன் உடம்பிலும் வெள்ளை மெழுகு இழைகள் தொங்கும். பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள். குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி அசைந்தால் பெரும்பாடு. பொறிவண்டின் புழுவோ விறுவிறுவென்று ஓடும். அந்தப் புழு முழு வளர்ச்சியில் 1 செ.மீ.க்கும் மேல் நீளமிருக்கும், மாவுப்பூச்சியோ பெரும்பாலும் அதில் பாதிகூட இராது. உப்பி, பழுப்பாக இறுகிக் கிடக்கும் மாவுப்பூச்சிகளையும் விட்டுவிடுங்கள், உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்துகொண்டிருக்கும்.

கடும் பூச்சிக்கொல்லி முதலில் கொல்வது இந்தக் காவலர்களைத்தான். மெழுகுக்குள்ளும் செதிலுக்குள்ளும் இருப்பவை தப்பித்துப் பெருகும். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளை அழித்துவந்த பஞ்சுச் செதில் பூச்சியை, 1888-89 இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த ரோடோலியா பொறிவண்டு அடக்கியது. 1940களில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியை அடித்ததும் வண்டு மடிந்தது, செதில் பூச்சி திரும்பியது.

தாக்குதல் அதிகமென்றால் மொய்த்த நுனிக்கிளைகளைக் கவாத்து செய்து எரித்துவிட்டு, மற்றவற்றை விசையுள்ள நீரால் பீய்ச்சுங்கள். பிறகும் மிஞ்சினால் மட்டும் வேப்பெண்ணெய்: 1 லிட்டர் நீருக்கு 20 மி.லி. முதலில் 5 கிராம் சோப்பை வெந்நீரில் கரைத்து, அதில் எண்ணெயைக் கலக்கிப் பால்போல் ஆனபின் மீதி நீரைச் சேருங்கள். சரியாகக் கலக்காத எண்ணெய் மிதந்து இலையைக் கருக்கும். ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பார்த்த பிறகு, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். மாவுப்பூச்சியின் பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும் முட்டைகளை இது தொடாது. அதனால் 10 முதல் 15 நாள் கழித்து மறுபடி தெளிக்க வேண்டும்.

செதில் பூச்சிக்கு நாள் பார்த்து அடிக்க வேண்டும், குஞ்சுகள் ஊரும் சில நாட்களில்தான் அவற்றுக்குக் கவசம் இல்லை. இருபுறமும் ஒட்டும் டேப்பைச் சிறு கிளையில் சுற்றி வையுங்கள். அதில் மஞ்சள் துகள்கள்போல் குஞ்சுகள் சிக்கத் தொடங்குவதே தெளிக்கும் நேரம்.